திங்கட்கிழமைத் தலைவலி

மே 18, ஞாயிறு

புது நோட்டு. புனிதவதி மேடம் தன்னிடம் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லோரும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார். எலி என்ன செய்தது என்பதை லேப் நோட்டில் எழுது, நீ என்ன செய்தாய் என்பதை வேறே எழுது என்பது அவர் கட்டளை. நாலு வருஷமாக ஏமாற்றி வந்தேன். இது ஐந்தாவது வருஷம், கடைசி வருஷம். செப்டம்பர் 30க்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

நான் செய்த காரியம் என்று பார்த்தால், இன்று கோமதிக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஆய்வேடு முடியும்வரை குழந்தை வேண்டாம் என்று முடிவு. அவள் அம்மா சுரண்டையிலிருந்து வாரம் தவறாமல் போன் போட்டு விசேஷம் உண்டா என்று கேட்கிறார். பாவம், எனக்காகக் கோமதிதான் சமாளிக்கிறாள். டாக்டரைப் பார்த்துக் கேட்டுக்கொள்வோமா என்றாள். மருந்தியலில் ஆராய்ச்சி செய்கிறவனைப் புருஷனாக வைத்துக்கொண்டு டாக்டர் எதற்கு என்று நானே மெடிக்கல் ஷாப்புக்குப் போய் வந்தேன். இருபத்தோரு நாள் தினம் ஒன்று, ஏழு நாள் இடைவெளி, பிறகு அடுத்த அட்டை. அட்டையின் பின்னால் கிழமைகளை எழுதிக் கொடுத்தேன்.

"பரீட்சைக்கு ஹால் டிக்கெட் குடுக்கிற மாதிரில்லா குடுக்கீங்க" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் மாத்திரை.

மே 21, புதன்

பெண் எலிகள் வந்துவிட்டன. பதினாறு. எல்லாம் வெள்ளை, எல்லாம் சிவப்புக் கண், எல்லாம் என்னைக் கண்டால் மூக்கை உறிஞ்சுகின்றன.

மேடத்துக்கு இதில் அரை மனசுதான். இதுவரை எங்கள் லேபில் ஆண் எலி மட்டுமே. பெண் எலிக்கு நாலு நாளைக்கு ஒரு சுழற்சி. நாலு நாளும் நாலு குணம். ஒரு நாள் எடுத்த அளவு மறுநாள் எடுத்தால் வராது. அதனால் உலகமே ஆண் எலியை வைத்து ஆராய்ச்சி செய்துவிட்டுப் பொதுவாக எல்லோருக்கும் பொருந்தும் என்று எழுதி வைக்கிறது. நான்தான் மேடத்திடம் மல்லுக்கு நின்றேன். அந்த நாலு நாளில் ரத்தக்குழாய் எப்படி மாறுகிறது என்பதையே கேள்வியாக வைத்துக்கொண்டால் என்ன? நாலு நிலைக்கும் நாலு எலி வீதம் பதினாறு அளவுகள். அதுதான் என் கடைசி அத்தியாயம்.

வேலை இதுதான். தினம் காலை ஏழரை மணிக்கு ஒவ்வொரு எலியின் பிறப்புறுப்பிலும் டிராப்பரால் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு எடுத்து, ஸ்லைடில் வைத்து, செல்களைப் பார்த்து இன்று எந்த நாள் என்று எழுத வேண்டும். உருண்டை உருண்டையாக இருந்தால் முதல் நிலை, ஹார்மோன் உச்சத்தில் இருக்கும் நாள். அப்பளத்தூள் மாதிரி இருந்தால் இரண்டாவது. கலந்துகட்டி இருந்தால் மூன்றாவது. பொடிப் பொடியாக வெள்ளணுக்கள் மட்டும் இருந்தால் நாலாவது, ஓய்வு நாள். எலி வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அந்தோணி அண்ணன் ஒவ்வொரு கூண்டிலும் சீட்டு ஒட்டிக் கொடுத்தார்.

கோமதியிடம் சொன்னேன். பதினாறு பேருக்கு மாதவிடாய்க் கணக்கு எழுதுகிற ஒரே ஆம்பிளை பாளையங்கோட்டையில் நீங்கள்தான் என்றாள்.

மே 30, வெள்ளி

இப்போது எலியின் முகத்தைப் பார்த்தே நாளைச் சொல்லிவிடுவேன் போலிருக்கிறது. கோமதி சிரிக்கிறாள்.

ஜூன் 9, திங்கள்

கோமதிக்குத் தலைவலி. பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது திங்கள். ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர். விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகள் கத்துகிற கத்தில் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுத் துணியை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். நானே ரசம் வைத்தேன். ரசம் என்றுதான் நினைத்து வைத்தேன்.

ஜூன் 18, புதன்

லேபில் வில்லங்கம். எட்டு எலிகள் ஆறு நாளாக நாலாவது நிலையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. தினமும் வெள்ளணு, வெள்ளணு, வெள்ளணு. சுழற்சியே நின்றுபோய்விட்டது. தீனியை மாற்றினேன். எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் காரணமோ என்று அதை நிறுத்தினேன். அந்தோணி அண்ணன் வைக்கும் ரேடியோவை வெளியே கொண்டுபோகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. எலிகளுக்கு அந்த ரேடியோ பிடிக்கும் என்று வாதாடினார்.

ஜூன் 24, செவ்வாய்

குற்றவாளி அகப்பட்டான். நான்தான்.

மேடம் இன்று ஏழரைக்கே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார். மூன்றாவது எலிவரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இவ்ளோ ஆழமா எதுக்குப் போற? வாசல்ல இருந்து ஒரு சொட்டு எடுத்தா போதும்" என்றார். நல்ல சாம்பிள் வேண்டும் என்கிற ஆர்வத்தில் நான் டிராப்பரை உள்ளே வரை விட்டு எடுத்திருக்கிறேன். எலியின் உடம்பு அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டது. இணை சேர்ந்தாயிற்று, கர்ப்பம் என்று தானே முடிவு செய்து சுழற்சியை நிறுத்திவிட்டது. பொய்க் கர்ப்பம். பதிமூன்று பதினாலு நாள் இருக்கும், பிறகு தானே கலையும் என்றார் மேடம். எட்டில் இரண்டு எலிகள் குட்டி போடப்போகிறோம் என்று நம்பி மரத்தூளைக் குவித்துக் கூடு கட்டியிருந்தன. அதைப் பார்க்க எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

அந்தோணி அண்ணன் ரேடியோவை ஊர்வலமாகத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். இனி நான் எப்போது வந்தாலும் மாப்பிள்ளை வாங்க என்றுதான் கூப்பிடுவாராம்.

கோமதியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அந்தக் கூடு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

ஜூலை 7, திங்கள்

மறுபடி தலைவலி. மறுபடி திங்கள். உனக்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல், நாலாம் வகுப்புப் பையன் மாதிரி என்று கேலி செய்தேன். வலி வருவதற்கு முன்னால் கண் முன்னே ஏதோ வளைந்து வளைந்து மின்னுகிறதாம். போர்டில் எழுதின எழுத்து நடுவில் காணாமல் போகிறதாம். கண்ணாடி பவர் மாறியிருக்கும். ஆய்வேடு முடிந்ததும் கூட்டிப்போக வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

எலிகள் பழைய ஒழுங்குக்கு வந்துவிட்டன. முதல் அளவு எடுத்தேன். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயை மோதிரம் மோதிரமாக நறுக்கி, வெதுவெதுப்பான உப்புநீர்க் குடுவைக்குள் இரண்டு கம்பிக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட வேண்டும். உடம்பை விட்டு வந்த பிறகும் அது சில மணி நேரம் உயிரோடு இருக்கும். ஒரு மருந்தைச் சொட்டினால் சுருங்கும், இன்னொன்றைச் சொட்டினால் விரியும். எவ்வளவு விரிகிறது என்று கம்ப்யூட்டர் கோடு போடும்.

முதல் நிலை எலியின் குழாய் விரிந்த அழகு! ஆண் எலியிடம் இதைப் பார்த்ததே இல்லை. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் வேலை செய்கிறது. வீட்டுக்குப் போய்க் கோமதியை உட்காரவைத்து அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். பருப்பு அடிப்பிடித்தது.

ஜூலை 20, ஞாயிறு

லேபைக் கழுவக் கோமதியும் வந்தாள். குடுவைகளைப் பக்குவமாகத் துடைத்துக் கவிழ்த்தாள். பிறகு கூண்டுகளின் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். எல்லாருக்கும் தேதி போட்டு எழுதியிருக்கிறீர்களே, எனக்கு மட்டும் ஒரு சீட்டு ஒட்டவில்லையே என்றாள். விளையாட்டுக்குத்தான். நானும் ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து அவள் நெற்றியில் ஒட்டினேன். பஸ் ஸ்டாப் வரை அதோடு வந்தாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று லீவு போட்டாள். மின்னல், வலி, வாந்தி எல்லாம் உண்டு. இடது கை விரல்கள் மரத்துப்போய் டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். வலியில் கையை மடக்கிப் படுத்திருப்பாள். இந்த மாத்திரை எதுவும் செய்யுமோ என்று கேட்டாள். இதில் இருப்பதும் ஈஸ்ட்ரோஜன்தான், அது ரத்தக்குழாய்க்கு நல்லதுதான், என் எலிகளே சாட்சி என்று தைரியம் சொன்னேன். சரி என்றாள். நான் சொன்னால் நம்புகிறாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம் முடிந்து இருவரும் ஜங்ஷனில் பரோட்டா தின்றோம். அவள் கல்லூரி நாளில் ஒரு பரீட்சையன்று போர்டு முழுக்க மின்னலாகத் தெரிந்த கதையைச் சொன்னாள். இதை எனக்கு முன்னால் சொன்னதில்லையே என்றேன். கேட்டால்தானே சொல்வார்கள் என்றாள். நல்ல நாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பதினைந்து அளவுகள் முடிந்தன. இனி முதல் நிலையில் ஒரே ஒரு எலிதான் பாக்கி. அந்த நிலை அரை நாள்தான் இருக்கும். இரண்டு தடவை கை நழுவிவிட்டது. மேடம் தேதியை நினைவுபடுத்தினார்.

செப்டம்பர் 1, திங்கள்

கோமதி பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டரில் வரும்போது பாதி ரோடு தெரியாமல் போய்விட்டது. இடது பக்கம் வருகிற வண்டியே தெரியவில்லை. எப்படியோ ஓரம் கட்டி வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். பேச்சு குழறியது. 'சாவி' என்பதற்குச் சொல் கிடைக்காமல் 'அது, அது' என்றாள். உடனே கிளம்பிப் போனேன். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. தலை ஸ்கேன் எடுத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஸ்கேனில் ஒன்றுமில்லை. பக்கவாதம் இல்லை, ஒற்றைத் தலைவலிதானாம். கடவுளே.

நரம்பு டாக்டர் வயசானவர், அவசரப்படாதவர். இதற்கு முன்னால் எப்போதெல்லாம் வந்தது என்று கேட்டார். கோமதிக்குத் தேதி தெரியவில்லை, எல்லாம் திங்கட்கிழமை என்று மட்டும் சொன்னாள். என் பையில் இந்த நோட்டு இருந்தது. எடுத்துப் பார்த்துப் படித்தேன். ஜூன் 9. ஜூலை 7. ஆகஸ்ட் 4. நேற்று.

இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு. பதினாறு எலிகளுக்கு மூன்று மாசமாக நாள் எண்ணுகிறேன். ஒரு எலி அரை நாள் பிந்தினால் எனக்குத் தெரியும். சனிக்கிழமை அட்டை முடிகிறது, ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது, திங்கட்கிழமை வலி. நான்தான் அட்டையின் பின்னால் கிழமை எழுதிக் கொடுத்தேன்.

டாக்டர் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "மாத்திரை எதும் சாப்பிடுதாங்களா?" என்றார். சொன்னேன். யார் எழுதிக் கொடுத்தது என்றார். நான்தான் என்றேன். நீங்க என்ன டாக்டர் என்றார். எலி ரத்தக்குழாயில் ஆராய்ச்சி என்றேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"மின்னல் தெரியுற தலைவலி உள்ளவங்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிரும். எல்லாருக்கும் ஆகுங்கதில்ல. ஆயிட்டா திரும்பாது. ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும், இதுக்கு முன்னால தலைவலி உண்டான்னு. அதக் கேக்கத்தான் நாங்க இருக்கோம்."

எலியின் குழாய் குடுவைக்குள் விரிகிறது என்பதை வைத்து என் பெண்டாட்டியின் தலைக்குள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டியிருக்கிறேன். ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் பேப்பரைக் கிழித்திருப்பேன்.

செப்டம்பர் 3, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். கோமதி தூங்குகிறாள். முற்றத்தில் வெயில்.

நேற்று முன்தினம் 'உடனே கிளம்பிப் போனேன்' என்று எழுதியிருக்கிறேன். உடனே இல்லை.

அவள் கூப்பிட்டபோது பதினாறாவது எலியின் குழாய் குடுவையில் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் நிலை. அப்போதுதான் சுருங்கி நின்றது, விரிய வைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டிய நேரம். விட்டுவிட்டுப் போனால் எலியும் போச்சு, குழாயும் போச்சு. கொஞ்சம் தண்ணீர் குடி, அங்கேயே உட்காரு, வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசிச் சொட்டு வரை ஏற்றினேன். நாற்பது நிமிஷம். அந்தக் குழறலைக் கேட்ட பிறகு நாற்பது நிமிஷம். லேபிலிருந்து வண்ணார்பேட்டைக்கு பைக்கில் பத்து நிமிஷம்தான்.

இதைக் கோமதியிடம் சொல்ல வேண்டும். இன்று வேண்டாம்.

செப்டம்பர் 8, திங்கள்

பதினாறாவது அளவு கெட்டுப்போய்விட்டது என்று மேடத்திடம் சொன்னேன். பதினைந்தை வைத்து எழுது, மூன்று எலி போதாது என்று தேர்வாளர் கேட்டால் கேட்கட்டும், முதலில் வீட்டைப் பார் என்றார். மேடத்துக்குக் கோமதியைப் பற்றி எல்லாம் சொன்னேன். அந்த நாற்பது நிமிஷத்தைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

டாக்டர் சொன்ன வேறு வழிகளைப் பற்றிப் பேச உட்கார்ந்தோம். இனி ஒன்றும் வேண்டாம், குழந்தை வந்தால் வரட்டும், எனக்காக நீ பட்டது போதும் என்று பெரிய மனசோடு சொன்னேன்.

"உங்களுக்காகன்னு யாரு சொன்னா? எனக்கும்தான் இப்ப வேண்டாம்னு இருந்துச்சு. எம்.எட். போடணும்னு பாரம் வாங்கி வச்சிருக்கேன். நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

விண்ணப்பப் பாரம் பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில்தான் இருந்திருக்கிறது. மூன்று மாசமாக. நான் கேட்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அவள் பாரத்தைப் பூர்த்தி செய்ய, நான் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ ஒட்டினேன். இவள் இல்லாமல் போயிருந்தால் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். போட்டோவைக் கோணலாக ஒட்டிவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மருந்தியல் முன்னுரையை மூன்றாவது தடவையாகத் திருத்தினேன். அந்தோணி அண்ணன் கோமதிக்கென்று ஒரு சீப்பு நாட்டுப்பழம் கொடுத்தனுப்பினார்.

செப்டம்பர் 29, திங்கள்

நாளை கடைசி நாள். இன்று இருபத்தெட்டாவது நாளும்கூட. நான் லேபுக்குப் போகவில்லை. கோமதி வழக்கம்போல் பள்ளிக்கூடம் கிளம்பினாள். ஸ்கூட்டர் வேண்டாம் என்று நானே கொண்டுபோய் விட்டேன். பத்து மணிக்கு ஒரு போன், பன்னிரண்டுக்கு ஒரு போன். இரண்டாவது தடவை, தலை நன்றாக இருக்கிறது, இன்னொரு தரம் கூப்பிட்டால்தான் வலிக்கும் என்று வைத்துவிட்டாள். நாலரைக்குப் போய்க் கூட்டிவந்தேன். ஒன்றுமில்லை. மின்னல் இல்லை, வலி இல்லை. காபி போட்டு இருவரும் அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்தோம்.

அப்போது சொன்னேன். நீ கூப்பிட்டபோது குழாய் மாட்டியிருந்தது, முடித்துவிட்டுத்தான் வந்தேன், நாற்பது நிமிஷம் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கோமதி காபியைக் கீழே வைத்தாள்.

"தெரியும். என் முன்னால மூணு டவுன் பஸ் போச்சு. அந்தக் கடைக்காரரு வீட்டுக்காரரு எங்க வேலை பாக்காருன்னு கேட்டாரு. பக்கந்தான்னு சொல்லிட்டேன். அதுக்குப் பெறவு அவரு மூஞ்சியப் பாக்கவே கூச்சமா இருந்துச்சு."

அவள் தன் இடது கை விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தக் கொழாய் என்ன ஆச்சு? விரிஞ்சுதா?"

விரிந்தது என்றேன். மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக விரிந்தது என்றேன். அதைச் சேர்க்க மனசு வரவில்லை, கெட்டுப்போனது என்று மேடத்திடம் பொய் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன்.

"சேருங்க. நான் அங்க உக்காந்திருந்த நாப்பது நிமிசமும் அதுலதான் இருக்கு. அதத் தூரப் போடுததுக்கு நீங்க யாரு?"

மேடத்துக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். நெடுநேரம் திட்டினார். திட்டி முடித்து, சீக்கிரம் சேர்த்து அனுப்பு என்றார். லேப் நோட்டைக் கோமதி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, நான் அட்டவணையில் அடித்துக்கொண்டு வந்தேன். சொட்டுக்கு ஒன்றாகப் பதினொரு எண்கள். ஒன்றைத் தப்பாக அடித்தேன், அவள் திருத்தினாள்.